திசைகாட்டிச் செடியை வேரோடு இடம் மாற்றி நடலாமா?

வடக்குமுற்றம் · ஜூலை 19

அனைவருக்கும் வணக்கம். சிகாகோவுக்கு மேற்கே, இல்லினாய் மாநிலத்தின் டூபேஜ் கவுன்டியில் வசிக்கிறோம். நான்காண்டுகளுக்கு முன் இந்த வீட்டை வாங்கியபோது, கொல்லையின் தென்மேற்கு மூலையில் பழைய உரிமையாளர் விட்டுச் சென்ற காட்டுப்பூப் பாத்தி ஒன்று இருந்தது. அதன் நடுவே ஒரு செடி. தண்டும் இல்லை, கிளையும் இல்லை; தரையிலிருந்து நேராக நிமிர்ந்து நிற்கும் ஏழெட்டு இலைகள் மட்டுமே. இலை ஒவ்வொன்றும் ஒன்றரை அடி நீளம் இருக்கும். பப்பாளி இலையைப் போல ஓரங்கள் ஆழமாகப் பிளந்திருக்கும். தடவினால் உப்புத்தாளின் சொரசொரப்பு. மூன்று கோடைகளாக அது பூக்கவே இல்லை. இரண்டாம் ஆண்டு அதைக் களை என்று நினைத்துத் தரையோடு தரையாக வெட்டிவிட்டேன். அடுத்த மே மாதத்தில் ஒன்றுமே நடக்காதது போல அதே இலைகள் அதே இடத்தில் வந்து நின்றன.

இந்த ஆண்டு ஜூன் மாதத்தில் நடுவிலிருந்து ஒரு தண்டு புறப்பட்டு, என் கணவரின் உயரத்தைத் தாண்டி, இப்போது ஏழரை அடியில் நிற்கிறது. சென்ற வாரம் முதல் அதில் உள்ளங்கை அகல மஞ்சள் பூக்கள் மலர்கின்றன. தொலைவிலிருந்து பார்ப்பவர்கள் சூரியகாந்தி என்றே எண்ணுவார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர்தான் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, "இது காம்பஸ் பிளான்ட், இதன் இலைகள் வடக்கும் தெற்கும் காட்டும்" என்று சொன்னார். தமிழில் இதற்குப் பெயர் இருப்பதாகத் தெரியவில்லை என்பதால் திசைகாட்டிச் செடி என்றே இங்கு எழுதுகிறேன்.

சிக்கல் என்னவென்றால், அந்த மூலையில்தான் எட்டுக்குப் பத்து அடியில் ஒரு தோட்டக் கொட்டகை போடுவதாக முன்பே முடிவு செய்து, அக்டோபரில் கான்கிரீட் தளம் போட ஒப்பந்தக்காரருக்கு முன்பணமும் கொடுத்துவிட்டோம். நான்காண்டு காத்திருந்து பூத்த செடியைக் கான்கிரீட்டுக்கு அடியில் புதைக்க மனம் வரவில்லை. ஆகவே இலையுதிர்காலத்தில் நல்ல மண்கட்டியோடு தோண்டி எடுத்துக் கொல்லையின் மறுபக்கத்தில் நடலாமா என்று அறிய விரும்புகிறேன். ரோஜா, செவ்வந்தி, ஏன், ஒருமுறை ஓர் ஆப்பிள் கன்றைக்கூட அப்படி மாற்றி நட்டுப் பிழைக்க வைத்திருக்கிறேன்.

இன்னொரு ஐயமும் உண்டு. கைப்பேசியில் உள்ள திசைகாட்டியை வைத்துப் பதினோரு இலைகளைச் சோதித்தேன். ஏழு இலைகள் ஏறத்தாழ வடக்கு தெற்காக இருந்தன. மற்ற நான்கும் அவரவர் விருப்பம் போல் நின்றன. வடக்கு காட்டும் என்பது வெறும் கதைதானா? உடைந்த இலைக்காம்பிலிருந்து பால் போல் ஏதோ கசிந்து, சற்று நேரத்தில் மெழுகாகக் கெட்டிப்பட்டு விரலில் ஒட்டிக்கொண்டது. வீட்டில் ஆறு வயதுக் குழந்தை இருக்கிறாள், அதனால் தீங்கு ஏதும் உண்டா? போதாததற்குக் குடியிருப்போர் சங்கத்திலிருந்து "உயரமான களை" என்று ஒரு கடிதமும் வந்திருக்கிறது.

ஆணிவேர் · ஜூலை 19

வணக்கம் அம்மா. தங்கள் முதல் கேள்விக்கு மட்டும் முதலில் விடை சொல்கிறேன்: தயவுசெய்து தோண்டாதீர்கள். கொட்டகையை நகர்த்துங்கள்.

பதினோரு ஆண்டுகளாக வார இறுதிகளில் பிரெய்ரி எனப்படும் இயற்கைப் புல்வெளிகளின் மீட்புப் பணிகளில் தன்னார்வலராக இருந்து வருகிறேன். இந்தச் செடியை இடம் மாற்றும் முயற்சியில் ஒருமுறை நானே ஈடுபட்டுத் தோற்றிருக்கிறேன் என்பதால் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன். ரயில் பாதையோரத் துண்டு நிலம் ஒன்று சாலை விரிவாக்கத்துக்குப் போகவிருந்தது. அதில் இருந்த திசைகாட்டிச் செடிகளில் மூன்றையாவது காப்பாற்றலாம் என்று நண்பர் ஒருவரும் நானும் மண்வெட்டியும் கடப்பாரையுமாகப் போனோம். தரைமட்டத்தில் என் மணிக்கட்டைவிடப் பருமனாக இருந்தது வேர். ஓரடி தோண்டியும் பருமன் குறையவில்லை. இரண்டடியில் இரண்டாகக் கிளைத்து, இரண்டு கிளையும் நேராகக் கீழ்நோக்கியே போயின. மூன்றரை அடியில், இடுப்பளவு குழிக்குள் நின்றுகொண்டு, முனை இன்னும் கண்ணுக்குத் தெரியாத நிலையில் நண்பர் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டார். அந்த இடத்திலேயே வேரை அறுத்து எடுத்துப் போய் நட்டோம். மூன்றில் இரண்டு அந்தக் குளிர்காலத்தைத் தாண்டவில்லை. மூன்றாவது இரண்டு ஆண்டுகள் ஒவ்வொரு இலை விட்டுப் பார்த்துவிட்டு நின்றுபோனது.

பத்து முதல் பதினைந்து அடி ஆழம் வரை இதன் ஆணிவேர் இறங்கும் என்பதைப் படித்துத் தெரிந்துகொள்வது வேறு, குழிக்குள் நின்று தெரிந்துகொள்வது வேறு. மூன்று கோடைகளாகச் செடி பூக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மூன்று கோடைகளிலும் அது சும்மா இருக்கவில்லை. சம்பாதித்ததையெல்லாம் கீழே அனுப்பிக்கொண்டிருந்தது. விதையிலிருந்து முளைக்கும் செடி முதலாண்டில் ஓரிரு இலைகளோடு நின்றுவிடும். முதல் பூவுக்குப் பல ஆண்டுகள் ஆகும். அதன் பிறகு நூறாண்டு வரைகூட வாழக்கூடும் என்று கருதப்படுகிறது. தாங்கள் தரையோடு வெட்டிய பிறகும் அது மீண்டு வந்ததற்கும் அதுவே காரணம். பிரெய்ரி என்பது கோடை வறட்சியும், மேய்ச்சலும், தீயும் மாறி மாறி வந்துபோன புல்வெளி. காட்டெருமைக் கூட்டம் மேய்ந்தாலும், மின்னலாலோ பழங்குடி மக்கள் வைத்ததாலோ தீ ஓடினாலும், மேலே இருப்பது போகும், கீழே இருப்பது போகாது. அப்படிப்பட்ட இடத்துக்கென்று உருவான செடிக்கு வேர்தான் உடல். நாம் பார்த்து மகிழும் தண்டும் பூவும் ஆண்டுக்கொருமுறை அது போட்டுக் கழற்றும் சட்டை.

ஒரே ஒரு கருவிதான் அந்த வேரை வென்றது. 1837-இல் இதே இல்லினாய் மாநிலத்தின் கிராண்ட் டிடூர் என்ற ஊரில் ஜான் டியர் என்ற கொல்லர், பிரெய்ரியின் ஒட்டும் மண்ணைத் தானாகவே உதறிவிடும் வழவழப்பான எஃகுக் கலப்பையைச் செய்தார். மாநிலத்தில் இரண்டு கோடி ஏக்கருக்கும் மேல் பரந்திருந்த பிரெய்ரி அடுத்த சில தலைமுறைகளில் மக்காச்சோளமும் சோயாவுமாக மாறியது. 1970-களில் கணக்கெடுத்தபோது சிதையாமல் எஞ்சியிருந்தது 2,300 ஏக்கரைச் சற்றே தாண்டியது. அவற்றில் பல, கலப்பை ஏறாத பழைய கல்லறைத் தோட்டங்களின் மூலைகளும் ரயில் பாதையோரங்களும்தான். இந்த மாநிலத்தின் பட்டப்பெயர் "பிரெய்ரி மாநிலம்" என்பதை நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று எனக்கு ஒருபோதும் தெரிந்ததில்லை.

தங்கள் கொல்லையில் உள்ளது அப்படித் தப்பிப் பிழைத்த செடியாக இருக்க வாய்ப்பு குறைவு. பழைய உரிமையாளர் நாற்றுப் பண்ணையில் வாங்கி நட்டதாகவே இருக்கும். ஆயினும் வேர் ஒன்றுதானே. கட்டாயம் வேறிடத்தில் வேண்டுமென்றால் செடியை விட்டுவிட்டு விதையைக் கொண்டுபோங்கள். அதில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. சூரியகாந்தியில் நடுவட்டில் உள்ள சிறு பூக்கள் விதையாகும்; ஓரத்து மஞ்சள் இதழ்ப் பூக்கள் வெறும் அழகுக்கு. இதில் நேர்மாறு. நடுவட்டுப் பூக்கள் மகரந்தம் தருவதோடு சரி. ஓரத்தில் உள்ள இருபது முப்பது இதழ்ப் பூக்களின் அடியில்தான், ஓரங்களில் சிறகு போன்ற விளிம்புடைய தட்டை விதைகள் பிடிக்கும். ஆகவே காய்ந்த பூத்தலையை உதிர்த்து நடுவில் இருப்பதையெல்லாம் விதைத்துவிட்டு முளைக்கவில்லை என்று வருந்த வேண்டாம். ஒற்றைச் செடியில் பதர் மிகுதியாக இருப்பதையும் பார்த்திருக்கிறேன். விரலால் அழுத்தினால் நடுவில் பருமன் தட்டுப்பட வேண்டும்.

செப்டம்பர் கடைசியில் சேகரித்து, நவம்பரில் நேராக மண்ணிலேயே அரை அங்குல ஆழத்தில் ஊன்றிவிடுங்கள். இவ்விதைக்கு ஈரத்தோடு கூடிய குளிர் இரண்டு மாதமாவது வேண்டும்; அதை இல்லினாயின் குளிர்காலம் இலவசமாகத் தந்துவிடும். தொட்டியில் வளர்த்துப் பிறகு மாற்றலாம் என்ற எண்ணம் வேண்டவே வேண்டாம். ஆணிவேர் தொட்டியின் அடியில் சுருண்டுவிடும்.

கத்தரித்தோட்டம் · ஜூலை 20

மேலே உள்ள விடையோடு முழுமையாக உடன்பட முடியவில்லை. நான் இண்டியானாவில் இதே செடியின் இரண்டாண்டுக் கன்று ஒன்றை ஏப்ரல் தொடக்கத்தில், இலை விடுவதற்கு முன், ஆழமாகத் தோண்டி மாற்றி நட்டேன். இப்போது ஆறாண்டு ஆகிறது. சென்ற கோடையில் பூத்தது. முடியவே முடியாது என்று சொல்வது சரியல்ல.

சங்கத்தின் கடிதத்தைப் பற்றி ஒரு சொல். எங்களுக்கும் இதே போன்ற கடிதம் வந்தது. வாதாடிப் பயனில்லை என்று தெரிந்ததால், பாத்தியைச் சுற்றி இரண்டடி அகலத்துக்குப் புல்லை ஒட்ட வெட்டி, கல் வரிசை வைத்து, செடிகளின் பெயர்ப் பலகையும் நட்டோம். அதன் பிறகு ஒருவரும் வாய் திறக்கவில்லை. வேண்டுமென்றே வளர்த்தது என்று பார்ப்பவருக்குத் தெரிந்துவிட்டால், அதே ஏழரை அடிச் செடி களை அல்ல, தோட்டம்.

ஏம்ஸ் மாணவன் · ஜூலை 20

இலைகளைப் பற்றிய கேள்விக்கு யாரும் விடை எழுதவில்லை என்பதால் எழுதுகிறேன். நான் ஐயோவாவில் தாவரவியல் படிப்பவன். எங்கள் பல்கலைக்கழகத்திலேயே இதைப் பற்றி 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் விரிவான ஆய்வுகள் நடந்திருக்கின்றன.

கதை அல்ல, உண்மை. ஆனால் காந்த ஊசியின் உண்மை அல்ல. 1842-இல் பெஞ்சமின் ஆல்வர்ட் என்ற அமெரிக்க இராணுவ அதிகாரி வாஷிங்டனுக்கு இதைப் பற்றி எழுதி அனுப்பிய பிறகுதான் அறிவியலாளர்கள் கவனிக்கத் தொடங்கினார்கள். சமவெளியில் பயணம் செய்தவர்களுக்கும் வேட்டைக்காரர்களுக்கும் அதற்கு முன்பே தெரிந்திருந்தது. இலையில் காந்தம் ஏதோ இருக்கிறது என்றுகூட அக்காலத்தில் பேசப்பட்டது. உண்மையில் இலையைத் திருப்புவது வெயில். இளம் இலை தரையிலிருந்து வரும்போது எந்தத் திசையிலும் வரும். விரிந்து வளரும் இரண்டு மூன்று வாரங்களில் காம்பு மெல்ல முறுக்கிக்கொண்டு, இலையின் தட்டை முகங்களில் ஒன்று கிழக்கையும் மற்றொன்று மேற்கையும் பார்க்குமாறு இலையை நிறுத்துகிறது. அப்போது இலையின் ஓரங்கள் வடக்கு தெற்காக அமைகின்றன. அதாவது செடி வடக்கைத் தேடவில்லை, கிழக்கைத் தேடுகிறது. குறிப்பாக, காலை நேரத்து நேர் வெயில்தான் இந்தத் திருப்பத்துக்குத் தூண்டுதல் என்பது அந்த ஆய்வுகளின் முடிவு.

அதனால் செடிக்கு என்ன ஆதாயம் என்று கேட்டால், நண்பகலில் தங்கள் பாத்திக்குப் போய் நின்று பாருங்கள். ஏழரை அடிச் செடிக்கு அடியில் நிழலே இராது. வெயில் இலையின் மெல்லிய ஓரத்தில் மட்டும் விழும். காலை எட்டு ஒன்பது மணிக்கோ ஒரு முகம் முழுவதும் வெயிலில் குளித்துக்கொண்டிருக்கும். காற்றில் ஈரம் இருக்கும் காலைப் பொழுதில் நிறைய ஒளியைப் பிடித்து உணவு செய்துகொள்கிறது. கொதிக்கும் நண்பகலில் தேவையற்ற சூட்டைத் தவிர்க்கிறது. செலவாகும் ஒவ்வொரு சொட்டு நீருக்கும் கிடைக்கும் வருமானம் இப்படிக் கூடுகிறது. மரநிழல் இல்லாத, காற்றடிக்கும் உலர்ந்த புல்வெளியில் இது சிறிய ஆதாயம் அல்ல.

இனித் தங்களின் நான்கு இலைகள். இரண்டு காரணங்கள் இருக்கலாம் என்று தோன்றுகிறது. கைப்பேசியை இலையின் நுனி போகும் திசையில் வைத்து அளந்திருந்தால் கணக்கு பிசகும், ஏனெனில் முதிர்ந்த இலைகளின் நுனி எங்காவது சாய்ந்திருக்கும். கைப்பேசியின் நீண்ட ஓரத்தை இலையின் நடுப்பகுதியில், இலைத் தட்டோடு ஒட்டிக் கிடையாக வைத்து அளக்க வேண்டும். மற்றொன்று, தென்மேற்கு மூலை என்று எழுதியிருக்கிறீர்கள். கொல்லை வீட்டுக்கு மேற்கே இருக்கிறது என்றால் காலை வெயிலைத் தங்கள் வீடே மறைக்கும். நிழலில் வளரும் திசைகாட்டிச் செடிகளின் இலைகள் ஒழுங்கின்றி நிற்பது இயல்பே. பூத்தண்டின் மேல்பகுதியில் உள்ள சிறு இலைகளையும் கணக்கில் சேர்க்க வேண்டாம். அடியிலைகள்தாம் நன்றாகத் திசை காட்டும்.

எந்தப் பக்கம் வடக்கு, எந்தப் பக்கம் தெற்கு என்பதை இலை சொல்லாது என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். வழி தவறியவர் இதை நம்பி நடந்தால் சரியான கோட்டில் தவறான திசைக்குப் போகவும் கூடும்.

ஆணிவேர் · ஜூலை 20

கத்தரித்தோட்டம் அவர்களுக்கு: தாங்கள் மாற்றியது இரண்டாண்டுக் கன்று. அது முடியும் என்பதை ஏற்கிறேன். நானும் சற்று அழுத்தமாகவே எழுதிவிட்டேன். ஆனால் கேள்வி கேட்டவரின் செடி குறைந்தது நான்காண்டு, அவர் வாங்கும்போதே ஏழெட்டு இலை இருந்ததால் அதற்கும் மேலே. பூத்தண்டு விட்ட செடியை மாற்றுவதும் கன்றை மாற்றுவதும் ஒன்றல்ல.

மிசூரிக்கரை · ஜூலை 21

நெப்ராஸ்காவிலிருந்து எழுதுகிறேன். பிசினைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பயப்பட ஒன்றும் இல்லை. பூ மலரும் காலத்தில் தண்டின் மேல்பகுதியில் தானாகவே வெடித்துக் கசியும் இந்தப் பிசினை இப்பகுதிப் பழங்குடிக் குழந்தைகள் சேகரித்து மென்றிருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து வெள்ளைக்காரக் குடியேறிகளின் குழந்தைகளும் மென்றார்கள். சூயிங்கம் கடையில் கிடைக்காத காலம் அது. ஆர்வம் தாங்காமல் நானும் ஒருமுறை வாயில் போட்டுப் பார்த்தேன். முதல் கடியில் பொடிப்பொடியாக உதிர்ந்து, பல்லில் எல்லாம் அப்பி, பிறகு மெல்ல ஒன்றாகத் திரண்டது. கோயிலில் சாம்பிராணிப் புகை நேராக முகத்தில் அடித்தால் தொண்டையில் ஒரு சுவை தங்குமே, கிட்டத்தட்ட அதுதான். இரண்டாம் முறை முயலவில்லை. குழந்தையின் தலைமுடியில் படாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். விரலில் ஒட்டியதைச் சமையல் எண்ணெய் தடவி எடுத்துவிடலாம்.

பாவ்னீ என்ற பழங்குடி மக்கள் இதன் வேரைக் காய்ச்சி உடல் தளர்ச்சிக்குக் குடித்ததாகப் பதிவுகள் உண்டு. இதைப் படித்துவிட்டு எவரும் வேரைத் தேடிக் கிளம்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நம்மவர்களுக்கு மூலிகை என்ற சொல் காதில் விழுந்தால் போதும். ஓமாஹா, போன்கா மக்களிடம் இருந்த நம்பிக்கைதான் எனக்கு மிகவும் பிடித்தது. இச்செடி செறிந்து வளரும் இடத்தில் மின்னல் அதிகம் விழும் என்று சொல்லி அங்கே அவர்கள் கூடாரம் அடிக்க மாட்டார்கள். ஆனால் இடிமழையின்போது காய்ந்த வேரை எரித்து அதன் புகையால் மின்னலை விலக்கவும் செய்வார்கள். இச்செடி மிகுந்து வளரும் இடம் மரமற்ற திறந்தவெளிதான். அங்கே கூடாரம் அடிக்காமல் இருப்பது எப்படிப் பார்த்தாலும் நல்ல யோசனையே.

பெயரைப் பற்றி ஒரு செய்தி. இதன் பேரினப் பெயரான சில்ஃபியம், வட ஆப்பிரிக்காவின் சைரீன் நகரத்தார் நாணயத்தில் பொறிக்கும் அளவுக்கு மதித்த ஒரு பழைய பிசின் மூலிகையின் பெயர். அந்த மூலிகை மறைந்தே போனது. அதற்கும் இதற்கும் உறவு ஏதும் இல்லை. பிசின் வடிப்பது ஒன்றுதான் பொதுவானது. அதே பேரினத்தில் இதன் நெருங்கிய உறவான மற்றொரு மஞ்சள் பூச்செடியை, ஆண்டுதோறும் உழுது விதைக்கத் தேவையில்லாத எண்ணெய் வித்துப் பயிராக மாற்றக் கன்சாஸ் மாநிலத்தின் சலைனாவில் உள்ள லேண்ட் இன்ஸ்டிடியூட் என்ற வேளாண் ஆய்வு நிறுவனம் முயன்று வருகிறது. ஆணிவேர் அவர்கள் விவரித்த அதே வேர்தான் அவர்களுக்கும் கவர்ச்சி.

வடக்குமுற்றம் · ஜூலை 28

இத்தனை பேர் இவ்வளவு பொறுமையாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, அனைவருக்கும் நன்றி. ஏம்ஸ் மாணவர் சொன்னபடி கைப்பேசியை இலைத் தட்டோடு வைத்து மீண்டும் அளந்தேன். பதினொன்றில் ஒன்பது சரியாக வந்தன. மீதி இரண்டும் வீட்டுப் பக்கம் இருப்பவை. காலை ஒன்பதரை மணி வரை அங்கே வீட்டின் நிழல் விழுகிறது என்பதையும் இப்போதுதான் கவனித்தேன்.

ஆனால் புதிய கவலை ஒன்று வந்திருக்கிறது. கடந்த நான்கு நாட்களில் மேல்பகுதிப் பூத்தலைகள் ஆறு, காம்பு பாதி அறுபட்டுத் தலைகீழாகத் தொங்குகின்றன. கத்தரிக்கோலால் யாரோ வெட்டி, முழுவதும் வெட்டாமல் விட்டது போல் இருக்கிறது. வெட்டுப்பட்ட இடத்தில் பிசின் துளித்துளியாக நிற்கிறது. முதலில் அணிலின் வேலை என்று நினைத்தேன். நேற்று மாலை ஒரு தொங்கும் பூவைப் பிரித்துப் பார்த்தபோது, நீண்ட மூக்கோடு செம்பழுப்பு நிறத்தில் எள்ளைவிடச் சற்றுப் பெரிய வண்டு ஒன்று தடுமாறி விழுந்தது. மருந்து அடிக்க வேண்டுமா?

ஆணிவேர் · ஜூலை 28

மருந்து வேண்டாம். அது சூரியகாந்திக் குடும்பத்துச் செடிகளை நாடி வரும் கூன்வண்டு. பெண் வண்டு பூத்தலைக்குச் சற்றுக் கீழே காம்பைச் சுற்றித் துளையிட்டுப் பாதி அறுக்கிறது. தொங்கி வாடும் பூத்தலைக்குள் முட்டை இடுகிறது. தலை உதிர்ந்து தரையில் விழுந்ததும் புழுக்கள் மண்ணுக்குள் இறங்கி அடுத்த கோடையில் வண்டாக வெளிவரும். பெரிய பிரெய்ரியில் இதை நாங்கள் கண்டுகொள்வதே இல்லை. ஒற்றைச் செடி வைத்திருப்பவர் விதையும் எதிர்பார்த்தால், தொங்கும் பூத்தலைகளை உதிர்வதற்கு முன்பே கிள்ளி, சோப்பு நீர் உள்ள வாளியில் போட்டுவிட்டால் போதும். வாளியைச் செடிக்கு அடியிலேயே பிடித்துக்கொண்டு கிள்ளுங்கள்; காம்பைத் தொட்ட அதிர்விலேயே வண்டு கைவிட்டு விழுந்துவிடும்.

இதைப் போலவே இன்னொரு விருந்தாளியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அக்டோபரில் தண்டு காய்ந்து பழுப்பாக நிற்கும்போது, அழகாக இல்லை என்று வெட்டிக் குப்பையில் போடத் தோன்றும். பொறுங்கள். அந்தத் தண்டுக்குள் எறும்பளவே உள்ள ஒரு குளவி இனத்தின் புழுக்கள் குளிர்காலத்தைக் கழித்துக்கொண்டிருக்கலாம். வெளியே வீக்கம் ஏதும் தெரியாது. தண்டை நெடுக்காகப் பிளந்தால் மட்டுமே உள்ளே சிறு அறைகள் தெரியும். வசந்தத்தில் ஆண் குளவிகள் முதலில் வெளிவந்து, காய்ந்த தண்டுகளின் மேல் உணர்கொம்புகளால் தட்டித் தட்டி நடந்து, இன்னும் உள்ளேயே இருக்கும் பெண் குளவிகளை வாசனையால் கண்டுபிடித்துக் காத்திருக்கும். புழு தங்கிய தண்டின் வாசனையே சற்று மாறிவிடுகிறது என்பதை இல்லினாய் ஆய்வாளர்கள் 2002-இல் வெளியிட்டார்கள். தண்டைக் குறைந்தது மே இறுதி வரை விட்டுவையுங்கள்; சங்கத்தார் கேட்டால் பெயர்ப் பலகையைக் காட்டுங்கள்.

நேரம் இருந்தால் குழந்தையை அழைத்துக்கொண்டு லைல் ஊரில் உள்ள மார்ட்டன் ஆர்போரீட்டம் என்ற மரப்பூங்காவுக்குப் போய் வாருங்கள். 1962-இல் வெறும் விளைநிலத்தில் கையால் நட்டுத் தொடங்கிய பிரெய்ரி அங்கே இருக்கிறது. ஆகஸ்டு முதல் வாரத்தில், ஆள் உயரப் புல்லுக்கு மேல் இந்த மஞ்சள் பூக்கள் நூற்றுக்கணக்கில் தலைதூக்கி நிற்பதைப் பார்த்தால், தங்கள் கொல்லையில் உள்ளது எதன் ஒரு துண்டு என்பது விளங்கும்.

வடக்குமுற்றம் · ஆகஸ்டு 11

முடிவைத் தெரிவிக்கிறேன். கொட்டகையை வடமேற்கு மூலைக்கு மாற்றிவிட்டோம். ஒப்பந்தக்காரர் முணுமுணுத்தார். தோண்டுவதற்கு முன் அழைக்க வேண்டிய 811 எண்ணை அழைத்து, அவர்கள் வந்து நிலத்தடிக் கம்பிகளையும் குழாய்களையும் குறித்துவிட்டுப் போன பிறகு, பழைய இடத்தின் ஓரமாகவே எரிவாயுக் குழாய் ஓடுகிறது என்று தெரிந்ததும் முணுமுணுப்பு நின்றது. அந்த வகையில் இச்செடி எங்களுக்கு ஒரு பெரிய தொல்லையைத் தவிர்த்திருக்கிறது.

லைலுக்கும் போய் வந்தோம். வழிநடைக்கு இருபுறமும் செடிகள் நிறைந்திருந்தன. என் மகள் ஒவ்வோர் இலையாகத் தொட்டு "வடக்கு, வடக்கு" என்று சொல்லிக்கொண்டே போனாள். கிழக்கு என்று சொல்லிக்கொடுத்துப் பார்த்தேன், கேட்பதாக இல்லை. வீட்டில் பதினேழு பூத்தலைகளில் ஒன்பதை வண்டுக்குப் பறிகொடுத்தோம். மிச்சமுள்ளவற்றில் இரண்டில் இப்போதே கோல்ட்ஃபிஞ்ச் எனப்படும் மஞ்சள் சிட்டுகள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு பிஞ்சு விதையைக் கொத்துகின்றன. அவை மிச்சம் வைத்தால் கொட்டகைக்குப் பக்கத்திலும் நவம்பரில் நாலு விதை ஊன்றுவேன். மெல்லிய வலைத்துணியில் ஒரு பூத்தலையையாவது கட்டி வைக்கலாமா?

ஆணிவேர் · ஆகஸ்டு 11

தாராளமாக. ஓரத்து இதழ்கள் முழுவதும் உதிர்ந்த தலையாகப் பார்த்துக் கட்டுங்கள், அதற்கு முன் கட்டினால் தேனீ வர முடியாது. ஒன்றிரண்டு தலை போதும், மற்றவை சிட்டுக்கு. சேகரித்த விதையைக் காகித உறையில் வையுங்கள். பிளாஸ்டிக்கில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். ஊன்றிய இடத்தில் ஒரு குச்சியும் நட்டு வைக்கவும், முதலாண்டு வரும் இலை பிளவுபடாமல் சாதாரணமாக நீண்டு இருக்கும், தாங்களே களை என்று பிடுங்கிவிடுவீர்கள்.